முதிர்வயதில் நம்மைத் தாங்குவது யார்?



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைத் தாண்டி அமரவிளைப் பாலத்தைக் கடந்தால் உதியன்குளங்கரை வருகிறது. அடுத்தது பாறசாலை. அதற்கு அப்பால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே பள்ளிக்கூடத்தில் மலையாளமும் அடுக்களையில் தமிழும் பேசும் குடும்பங்கள் இவ்வூர்களில் இன்றும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்து இக்கட்டுரையை வாசிக்கின்ற உங்களில் சிலருக்கு இதுவே சொந்த ஊராக இருக்கக்கூடும்.

சில மாதங்களுக்கு முன் உதியன்குளங்கரைக்கு அருகே ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கே எழுபத்தெட்டு வயதான ஒரு விதவைத் தாயார் தனியாக வசிக்கிறார்கள். பிள்ளைகள் மூவர். ஒருவர் சென்னையில், ஒருவர் மஸ்கட்டில், மகள் பெங்களூரில். வீடு இரண்டு மாடிக் கான்கிரீட் வீடு. மேல்மாடி பூட்டியே கிடக்கிறது. கீழே உள்ள மூன்று அறைகளில் இரண்டும் பூட்டியிருக்கின்றன. தாயார் அடுக்களையை ஒட்டிய சிறிய அறையில் கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் இரவு பின்வாசல் படியில் அவர்கள் கால் தவறி விழுந்தார்கள். எழுந்திருக்க இயலவில்லை. கைப்பேசி கட்டிலில் இருந்தது. இரவு முழுவதும் ஈரத் தரையிலே கிடந்தார்கள். விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட வந்தவர் முனகல் கேட்டு ஓடிவந்து தூக்கினார். இடுப்பெலும்பு முறியவில்லை, அது பெரிய காரியம். நான் போய் அருகில் அமர்ந்தபோது அவர்கள் சொன்ன வார்த்தை இது:

“பாஸ்டரே, பைசாவுக்கு ஒரு கொறவும் இல்ல. மாசம் தவறாம பிள்ளைய அனுப்புதாவ. ஆனா ராத்திரி விழுந்தா விளிச்சா கேக்க ஒரு ஆளு வேணும்லா?”

என் மனம் என்னைக் குற்றப்படுத்தியது. அந்த வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்தை நடத்தியவன் நானே. பிள்ளைகளின் உழைப்பைப் பாராட்டிப் பேசினேன். எத்தனை அறைகள், எத்தனை சதுர அடி என்றெல்லாம் கேட்டோம். இந்த வீட்டில் யார் வசிக்கப்போகிறார்கள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல

இது ஒரு குடும்பத்தின் குறை என்று எண்ணி விட்டுவிடலாகாது. 2001ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி கேரள மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10.5 பேர். 2011இல் அது 12.6 ஆயிற்று. அதே ஆண்டில் இந்தியா முழுவதற்கும் 8.6, தமிழ்நாட்டில் 10.4. மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீட்டில் 2021இல் கேரளத்தின் விகிதம் 16.5. 2031இல் அது 20.9 ஆகும் என்கிறார்கள். அதாவது ஐந்து பேரில் ஒருவர் முதியவர். தமிழ்நாடும் பின்தங்கி இல்லை. 2031இல் அங்கே 18.2 ஆகும் என்பது அதே குழுவின் கணக்கு.

இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பிறப்பு குறைந்தது. ஒரு தலைமுறை தன் அளவிலேயே தொடர வேண்டுமானால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் வேண்டும். கேரளம் 1980களின் இறுதியிலேயே இந்த அளவை எட்டியது. தமிழ்நாடு 1990களின் தொடக்கத்தில் எட்டியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் இரு மாநிலங்களிலும் இது 1.8 மட்டுமே.

இரண்டாவது, ஆயுசு நீண்டது. கேரளத்தில் பிறக்கும் ஒரு பிள்ளை சராசரியாக எழுபத்தைந்து வயதுவரை வாழும் என எதிர்பார்க்கப்படுகிறது. தாய்மார் கல்வி பெற்றதும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகியதும், சிசு மரணம் குறைந்ததும் இதற்குக் காரணம். இது நன்றி செலுத்த வேண்டிய காரியம், முறையிட வேண்டியதல்ல.

மூன்றாவது, இடப்பெயர்ச்சி. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் புலம்பெயர்ந்தோரைப் பற்றிய கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 22 இலட்சம் கேரள மக்கள் வெளிநாடுகளில் இருக்கின்றனர். இந்தியாவின் பிற நகரங்களுக்குச் சென்றவர்கள் இதில் சேரவில்லை. 2001க்கும் 2011க்கும் இடையில் பத்தனம்திட்டை, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களில் ஜனத்தொகையே குறைந்தது.

இப்பொழுது நம் குடும்பங்களின் கணக்கைப் பாருங்கள். நம் பாட்டிமாருக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருவர் வெளியூர் சென்றாலும் மற்றொருவர் தாயருகே இருந்தார். நம் தாய்மாருக்கு மூன்று, நான்கு. நமக்கு இரண்டு. நம் பிள்ளைகளுக்கோ ஒன்று. ஒரே பிள்ளையாகிய மகனும் ஒரே பிள்ளையாகிய மகளும் மணம் புரிந்தால், அந்த இரண்டு பேர் நான்கு பெற்றோரைத் தாங்க வேண்டும். நாம் இன்று நம் தாயாருக்குச் செய்கிற அளவுகூட நமக்குச் செய்ய நாளை ஆள் இருக்காது. பிள்ளைகள் அன்பற்றவர்கள் என்பதனால் அல்ல; எண்ணிக்கையில் அவர்கள் குறைவு என்பதனால்.

நமக்கு முன் நடந்த தேசம்

இந்தப் பாதையில் நமக்கு முன்னே நெடுந்தூரம் நடந்துவிட்ட தேசம் ஜப்பான். அங்கே அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களை முதியோர் எனக் கணக்கிடுகிறார்கள். 1970இல் அவர்கள் நூற்றுக்கு 7 பேர். 1994இல் 14 பேர். பிரான்சு தேசத்தில் இதே மாற்றம் நடக்க நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று; ஜப்பானில் இருபத்துநான்கே ஆண்டுகள். 2024இல் அது 29ஐக் கடந்துவிட்டது. 2008ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டிய ஜப்பானின் ஜனத்தொகை அதன்பின் இறங்கி வருகிறது. 2024இல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏறக்குறைய 6,86,000 பேர் மட்டுமே. கணக்கெடுக்கத் தொடங்கிய காலம் முதல் ஏழு இலட்சத்துக்குக் கீழே சென்றது அதுவே முதன்முறை.

அந்த அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. 1961இலேயே அனைவருக்கும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் ஏற்பட்டன. 1973இல் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவம் முற்றிலும் இலவசமாக்கப்பட்டது. விளைந்தது என்ன? வீட்டில் பார்க்க ஆள் இல்லாத முதியோர், வியாதி தீர்ந்த பின்னும் மருத்துவமனைப் படுக்கைகளிலேயே மாதக்கணக்கில் தங்கினர். செலவு தாங்காமல் 1983இல் அந்த இலவச முறை முடிவுக்கு வந்தது.

பின்னர் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு’ நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதானவர் ஒவ்வொருவரும் இதற்குச் சந்தா செலுத்த வேண்டும். செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி அரசின் வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. முதியவருக்கு உதவி தேவைப்படும்போது நகராட்சியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். குளிக்க முடிகிறதா, எழுந்து நடக்க முடிகிறதா, ஞாபகம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, ஏழு படிகளில் ஒன்றில் சேர்க்கிறார்கள். அந்தப் படிக்கேற்ப உதவியாளர் வீட்டுக்கு வருகிறார். அல்லது காலையில் வண்டி வந்து முதியவரைப் பகல்நேர மையத்துக்கு அழைத்துச் சென்று, குளிப்பாட்டி, உணவளித்து, மாலையில் வீடு சேர்க்கிறது. மருமகளே மாமியாரைப் பார்க்க வேண்டும் என்றிருந்த சமுதாயம், அந்தப் பாரத்தை ஊரார் அனைவரும் சேர்ந்து சுமக்கும்படி சட்டம் செய்துகொண்டது. இதிலே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

ஆனாலும் முழு விடுதலை கிடைக்கவில்லை. பெற்றோரைப் பராமரிப்பதற்காக ஆண்டுதோறும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் அங்கே வேலையை விட்டு விலகுகின்றனர். 2024ஆம் ஆண்டில் தனியே வசித்து வீட்டிலேயே மரித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டவர்கள் 76,020 பேர் என்று ஜப்பானியக் காவல்துறை வெளியிட்டது. அவர்களில் 58,044 பேர் அறுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதானவர்கள். சிலர் மரித்தது வாரக்கணக்கில் எவருக்கும் தெரியவில்லை. இத்தகைய மரணத்துக்கென்றே ‘கொதொகுஷி’, அதாவது தனிமை மரணம், என்ற ஒரு சொல் அந்த மொழியில் உண்டாகிவிட்டது. எத்தனை துயரமான சொல்! ஓய்வூதியம் வங்கியில் சேர்ந்தது. மருத்துவக் காப்பீடும் இருந்தது. கதவைத் தட்டுவார் இல்லை.

நம் நாட்டில் உள்ள உதவிகள்

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று எண்ண வேண்டாம். சென்னை மாகாணத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. கேரளம் 1980இல் விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் தொடங்கியது. அங்கே சமூகநல ஓய்வூதியம் 2021இல் 1,600 ரூபாயாகவும், 2025 நவம்பரில் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது. மத்திய அரசின் திட்டம் 1995இல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதன் பங்கு எண்பது வயதுக்குக் குறைந்தவருக்கு 200 ரூபாயும் அதற்கு மேற்பட்டவருக்கு 500 ரூபாயும் மட்டுமே. மீதியை மாநிலங்களே சுமக்கின்றன.

பணத்தைவிட மேலான ஒன்றும் கேரளத்தில் உண்டாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர. பின்னர் ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசிகள் எனப் பொதுமக்களே பயிற்சி பெற்றுத் தம் தெருவிலுள்ள படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் இயக்கமாக அது வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் அதுவே. இன்று ஏறக்குறைய எல்லாப் பஞ்சாயத்துகளிலும் ‘பாலியேட்டிவ்’ செவிலியர் வீடு வீடாகச் செல்கிறார். படுக்கைப் புண்ணுக்கு மருந்திடுகிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார், வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறார். பல பஞ்சாயத்துகளில் ‘பகல்வீடு’ என்னும் பகல்நேர இல்லங்களும் உள்ளன.

நகரவாசிகளாகிய நாம் இங்கே ஒரு தவறு செய்கிறோம். அம்மாவுக்கு வயதாயிற்று என்று, ஒரே நாளில் வீட்டைப் பூட்டி, நகரத்து அடுக்குமாடிக்கு அழைத்து வந்துவிடுகிறோம். கேரள ஓய்வூதியம் கேரளத்தில் வசிப்போருக்கு உரியது; ஆண்டுதோறும் அட்சயா மையத்தில் ‘மஸ்டரிங்’ செய்து, தாம் உயிரோடிருப்பதைக் கைவிரல் பதிந்து நிரூபிக்க வேண்டும். பஞ்சாயத்துச் செவிலியரும் ஆஷா பணியாளரும் வார்டு மெம்பரும் அம்மாவோடு ரயிலேறி வருவதில்லை. ஐம்பது ஆண்டுகளாக அவர்கள் அமர்ந்த சபையும், மதிலுக்கு மேலே பேசிய அயல் வீட்டாரும் வருவதில்லை. நாம் வேலைக்குச் சென்றபின் நான்காம் மாடியில் அவர்கள் தனியே இருக்கிறார்கள். ஊரில் விளித்தால் கேட்க ஒரு ரப்பர் வெட்டுபவராவது இருந்தார்! அழைத்து வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழைத்து வருமுன் அவர்கள் மனதைக் கேளுங்கள். எவற்றை இழக்கப்போகிறார்கள் என்பதை எண்ணிப்பாருங்கள்.

பிறர் தாயைத் தூக்கும் நம் பிள்ளைகள்

இன்னுமொரு காரியம் சிந்தனைக்குரியது. நம் எல்லையோரக் கிராமங்களிலிருந்து எத்தனையோ பெண்பிள்ளைகள் செவிலியர்களாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றிருக்கிறார்கள். இப்பொழுது ஜப்பானும் கதவைத் திறந்திருக்கிறது. முதியோரைப் பராமரிக்கப் போதிய ஆள் இல்லாததால் 2019இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென ஒரு புதிய விசாவை ஏற்படுத்தினார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் இதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. முதியோர் பராமரிப்பும் அதில் அடங்கும்.

நம் மகள் அந்நிய தேசத்தில் ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டி, தலைவாரி, கைபிடித்து நடத்துகிறாள். அது மேன்மையான ஊழியம். அவள் சம்பளத்தில் தம்பிமார் படிக்கிறார்கள். ஆனால் ஊரில் அவளுடைய தாயைத் தூக்க ஆள் இல்லை. யாரையும் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. பிழைப்பு நம்மை ஊரைவிட்டு நகர்த்தியது, அது பாவமல்ல. சென்ற இடத்திலிருந்தே செய்யக் கூடியவற்றைச் செய்யாமல் இருப்பதுதான் குறை.

செய்யக் கூடியவை

முதலாவது, ஊரில் ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். அயல் வீட்டாரோ உறவினரோ, நாள்தோறும் காலையில் ஒருமுறை வந்து முகம் பார்த்துச் செல்லட்டும். அதற்கு ஒரு தொகை கொடுப்பது வெட்கமான காரியமல்ல. ஒரு சாவி அவர்களிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, பிள்ளைகள் நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் பேசலாம். இருமுறை எடுக்காவிட்டால் யாரை அழைப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

மூன்றாவது, வீட்டைச் சீர்படுத்துங்கள். வழுக்கும் ஓடுகளின்மேல் சொரசொரப்பான விரிப்பு, கழிப்பறையில் கைப்பிடி, பின்வாசலில் இரவு விளக்கு, கழுத்தில் தொங்கும் கைப்பேசி. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மேல்மாடி அறையின் ஜன்னலுக்கு ஆகும் செலவுகூட அல்ல.

நான்காவது, சட்டத்தை அறிந்திருங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. பராமரிக்கத் தவறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யும் வழி இச்சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. ஆலோசனைக்கும் உதவிக்கும் 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி அழைப்பு இயங்குகிறது.

ஐந்தாவது, நமக்கே நாம் ஆயத்தமாகுங்கள். நாற்பது வயதில் ஜப்பானியர் சந்தா கட்டத் தொடங்குகிறார்கள். நாமோ அறுபதில்தான் யோசிக்கிறோம். பிள்ளையின் திருமணத்துக்கும் வீட்டுக்கும் அனைத்தையும் செலவழித்துவிடாமல், முதிர்வயதுக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

சபைகள் என்ன செய்யலாம்?

ஆதிச் சபையில் விதவைகளின் அன்றாட விசாரிப்பில் குறை எழுந்தபோது அப்போஸ்தலர் அதை அற்பமாக எண்ணவில்லை. அதற்கென்றே ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தவிர்த்தவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டார். ஆகவே இது சபையின் காரியமும் ஆகும்.

ஊரிலுள்ள ஒவ்வொரு சபையிலும் தனியாக வசிக்கும் முதியோரின் பட்டியல் ஒன்று இருக்கட்டும். அவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லையென்றால் அன்று மாலைக்குள் ஒருவர் வீட்டுக்குச் செல்லட்டும். வாலிபர்களில் இரண்டு பேர் பாலியேட்டிவ் தொண்டர் பயிற்சி பெறட்டும். வாரநாட்களில் பூட்டிக் கிடக்கும் நம் ஆலய மண்டபங்கள் இரண்டு நாளாவது பகல்வீடாகட்டும். மதமும் சாதியும் பாராமல் அயலார் யாவரும் வந்து அமரட்டும். நகரத்துச் சபைகளோ ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் பேசும் தமிழிலேயே பேசக் கூடிய ஒரு துணையை ஏற்படுத்தட்டும்.

அந்தத் தாயாரின் வீட்டில் இப்பொழுது சில மாற்றங்கள். எதிர்வீட்டுச் சகோதரி காலையில் வருகிறார். பின்வாசலில் விளக்கு எரிகிறது. பூட்டிய ஓர் அறையைத் திறந்து, தனுவச்சபுரத்தில் படிக்கும் தூரத்து உறவான ஒரு மாணவியை வாடகையின்றித் தங்கவைத்திருக்கிறார்கள். கடந்த முறை நான் சென்றபோது அந்தப் பெண் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். “சத்தமாயிட்டு கெடக்குது பாஸ்டரே” என்று தாயார் குறைசொல்வதுபோலச் சொன்னார்கள். முகத்திலோ குறை இல்லை.

பிள்ளைகள் மூவரும் மாறிமாறி ஆண்டில் ஒரு மாதம் வந்து தங்குவதாக வாக்களித்திருக்கிறார்கள். அந்த வாக்கு நிறைவேறுமா என்பது இனிமேல்தான் தெரியும். மாணவியின் படிப்பும் இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். அதன்பின் யார் என்ற கேள்வி நிற்கிறது.

வாசகர்களே, இந்தப் பக்கத்தை மூடுமுன் உங்கள் ஊர் வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இன்றிரவு உங்கள் தாயாரோ தகப்பனாரோ பின்வாசலில் விழுந்தால், கூப்பிடுகிற சத்தம் யாருக்குக் கேட்கும்? ஒரு பெயர் உடனே நினைவுக்கு வருமானால், அவரை இன்றே அழைத்து நன்றி சொல்லுங்கள். வராவிட்டால், அந்தப் பெயரைத் தேடும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.